குணமணியின் பங்கு

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை முடித்துவிட்டு மலைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, சிதம்பரநாதன் வழக்கம்போலத் தெமோதரைக் கடைத்தெருவுக்கு இறங்கினான். சட்டைப் பையில் ஆளுக்கொரு பங்கு அரிசிக்கான மூன்று கூப்பன் புத்தகங்கள் இருந்தன. அவனுடையது ஒன்று, மகள் லீலாவுடையது ஒன்று, மனைவி குணமணியுடையது ஒன்று. மூன்றையும் சேர்த்தே ஹாஷிமின் கடை மேசையில் வைத்தான். கை அப்படிப் பழகியிருந்தது.

ஹாஷிம் அரிசி அளக்கும்போது ஊர்க்கதை பேசுகிறவர். அன்றைக்குப் பேசவில்லை. புத்தகங்களைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

"மூணுக்கும் போடவா, கிளாக்கரையா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தாலும் பேரை எழுதி அனுப்புகிறவன் அவன்தான். எழுதிப் பழகிய சொல். வாயில் வரவில்லை.

"போடுங்கோ."

ஹாஷிம் ஒன்றும் கேட்காமல் மூன்றுக்கும் அளந்தார். கேட்டிருந்தால் அடுத்த சனிக்கிழமை அவன் இரண்டு புத்தகத்தோடு போயிருப்பான். தேயிலைக்கு நடுவே மேடு ஏறும்போது அவனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். அவசரத்துக்கு இருக்கட்டும்.

அவசரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். போன மார்கழி மழையில் பதுளைக்குப் போகும் பாதை அறுந்தது. குணமணிக்கு நெஞ்சுச் சளி காய்ச்சலாக மாறியிருந்தது. வீட்டில் பால்மா இல்லை. மண்ணெண்ணெய் போத்தலின் அடியைத் தொட்டிருந்தது. விளக்கு அணைந்தபோது தீப்பெட்டி ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு குச்சியாக உரசினான். மருந்துத் தலை உதிர்ந்ததே தவிரப் பற்றவில்லை. மிச்ச இரவு இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கை எந்த நேரத்தில் வெறும் கையானது என்று அவனுக்குத் தெரியாது. விடிந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

தீக்குச்சியை மெழுகில் தோய்த்தால் ஈரம் பிடிக்காது. கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததை அவன் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றுமில்லாத வீட்டில் லீலாவும் அப்படிப் போய்விடக்கூடாது. அந்த வருடம் முழுக்க அவன் மனதில் இருந்த நினைப்பு இது ஒன்றே.

தோட்டத்துக் கிளாக்கரின் சம்பளத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. மாதம் ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டான். ஒரு மாதம் அரிக்கன் லாம்பு. அடுத்த மாதம் நீளமான கயிறு. தீக்குச்சிகளை மெழுகில் தோய்த்து வாய் அகன்ற போத்தலில் போட்டு மூடினான். குணமணியின் தமக்கை ஊரிலிருந்து அனுப்பிய, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலையும் பனங்கட்டியையும் தொடாமல் கட்டி வைத்தான். உப்புச் சாடி, கருவாடு, பால்மா டின், காயத்துக்குக் கட்டக் கொதிக்க வைத்துக் காயப்போட்ட பழந்துணி. எல்லாம் சமைக்கிற குசினியை ஒட்டிய சின்ன அறையில் தட்டுத் தட்டாக ஏறின. அந்த அறையின் பின்சுவருக்கு அப்பால் மண்மேடு.

சமைக்க வரும் பெரியாயி தொழிலாளர் லயத்துக்காரி, அவளும் தாலியறுத்தவள். அறை நிரம்ப நிரம்ப அவளுக்குச் சிரிப்பு.

"ஒரு தராசு மட்டும் வாங்கிட்டீங்கன்னா ஹாஷிம் நானா கடையப் பூட்டிட்டுப் போயிருவாருங்கையா."

"மழை வரட்டும், அப்ப சிரி."

"மழை என்னாங்க, பஞ்சமே வந்தாலும் இந்த வீட்டுக்குள்ள வர எடம் இருக்காது."

லீலாவுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சன்னல்களை மூடி, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, வீட்டை இருட்டாக்கிவிட்டு அவளைப் பழக்கினான். லாம்பு எங்கே? குச்சிப் போத்தல் எங்கே? இரண்டையும் கட்டிலின் தலைமாட்டில்தான் வைத்திருந்தான். பிள்ளைக்கு அது விளையாட்டு. தடவித் தடவிப் போய்க் கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒரு ஞாயிறு, போத்தலைக் கொடுத்தபடியே சொன்னாள்: "நான் எடுக்கேக்க அம்மா கையைப் பிடிச்சவ."

"எந்தப் பக்கம்?"

கேட்டிருக்கக் கூடாது. லீலா யோசிக்கவேயில்லை. சுவர்ப் பக்கத்தைக் காட்டினாள்.

குணமணியின் பங்கு அரிசி இருந்தது அந்தப் பக்கத்தில்தான். முதல் சனிக்கிழமை வீட்டில் கிடந்த சாக்கு ஓட்டையாயிருக்க, அவளுடைய தலையணையின் உறையைக் கழற்றி அதில் கொட்டினான். வாயைத் தைத்துக் கட்டிலுக்குக் கீழே, அவள் படுக்கிற பக்கம் தள்ளிவிட்டான். அந்த அரிசியை மற்றச் சாமான்களோடு வைக்க மனம் வரவில்லை. உலையில் போடவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னோர் உறை. பிறகு அவளுடைய பழைய சேலைகளைக் கிழித்து உறை தைத்தான். வண்டு பிடிக்காமலிருக்க உள்ளே காய்ந்த மிளகாய் போட்டான். அறை முழுக்க மிளகாய் நெடி ஏறியது. இருந்தும் சில நாள் மழை ஓய்ந்த நேரத்தில், கட்டிலுக்கு அடியிலிருந்து அரிசி மெல்லச் சரிகிற சத்தம் கேட்கும். ஆள் புரண்டு படுப்பதுபோல.

ஐப்பசியில் ஒருநாள் அந்த வாரத்து உறையைத் தள்ளும்போது, இப்போது அவளுடைய நிறை வந்திருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினான்.

அந்த உறைகளைப் பெரியாயி கூட்டும்போதுதான் கண்டாள். விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா சேலைல என்னாங்க மூட்டை?"

சொன்னான். அவளிடம் மறைக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "செத்தவங்க பேரச் சொல்லி வாங்குன அரிசிங்களா? அது வாய்க்கரிசிங்க. பாடையில போறவங்க வாயிக்குத்தான் அது. உசுரோட இருக்கறவங்க அத வீட்டுல வைக்கலாங்களா?"

"அவசரத்துக்கு."

"இனிமே அந்தப் பக்கம் நான் கூட்ட மாட்டேன். சொல்லிட்டேன்."

கூட்டவில்லை. சுவர்ப் பக்கம் தூசி படிந்து கிடந்தது.

மார்கழியில் குணமணியின் முதலாண்டு ஆட்டைத் திவசம் வந்தது. அதற்கு முதல்நாள், யாழ்ப்பாணம் போக லீவு எடுத்து, துணிமணி கட்டி, லீலாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனான். நாலு நாளாக விடாத மழை. பாதை இரண்டு இடத்தில் மண் மூடிக் கிடக்கிறது, ரயில் இல்லை என்றார்கள். நனைந்துகொண்டே திரும்பி வந்தார்கள். பெரியாயி தலை துவட்டிவிட்டுத் தேநீர் வைத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் முன்னறையில் இருந்து குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் குசினி இல்லை. மண்மேடு இறங்கி வந்து சாமான் அறையையும் குசினியையும் மூடியிருந்தது. செம்மண்ணுக்கு மேலே கூரைத் தகரத்தின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது.

ஒரு வருடச் சாமான் அதற்குள். ஒடியல், பால்மா, கயிறு, உப்பு, எல்லாம். மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததால் தோண்டப் போகவும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கியவன் அவன்தான்.

கீழே ஓடைப் பாலமும் போயிருந்தது. மறுகரையில் லயம். கணபதிக் கங்காணி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்று கத்தினார்.

"கிளாக்கரையா! உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கிறம்!"

"ஒங்ககிட்ட கயிறு இருக்குமே, எடுத்து வீசுங்க!"

"மண்ணுக்குள்ள இருக்கு!"

மறுகரையில் யாரோ சிரித்தார்கள். பெரியாயி சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பயணத்துக்குக் கட்டியிருந்த பிசுக்கோத்து லீலாவுக்குப் போதுமாயிருந்தது. மறுநாள் காலையில் அதுவும் முடிந்தது. மத்தியானம் லீலா பசிக்குது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். சுருண்டு படுத்து விரலைச் சூப்பினாள். நெற்றி சுட்டது. போன வருடமும் இப்படித்தான் தொடங்கியது.

சிதம்பரநாதன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஓர் உறையை இழுத்தான். பெரியாயி வழியில் வந்து நின்றாள்.

"வேணாங்கையா. கும்புட்டுக் கேட்டுக்கறேன். நான் பட்டினி கெடக்கறேன். பாப்பா வாயில அதப் போடாதீங்க. தாய் கூப்புடற மாதிரி ஆயிரும்."

அவனுக்கும் அந்தப் பயம்தான். அவள் சொன்னபோதுதான் அது தனக்குள்ளே வருடம் முழுக்க இருந்தது தெரிந்தது.

"இண்டைக்கு என்ன நாள்?" என்றான்.

பெரியாயி விழித்தாள். "அம்மாவோட தெவசம்."

"அவளின்ர அரிசி. அவளுக்கு முதல் படைப்பம். படைச்சதை வீட்டில இருக்கிற ஆக்கள் சாப்பிடுறதுதானே?"

பெரியாயி வழியை விட்டு விலகினாள். பிறகு, "காக்கா எடுத்தா சாப்புடலாங்க" என்றாள். "எடுக்காம ஒரு பருக்கை தொடக்கூடாது."

முன்னறையில் மூன்று கல் கூட்டினாள். நாற்காலிக் காலை உடைத்தார்கள். கூரைத் தண்ணீரைத் தேநீர்ச் சட்டியில் பிடித்தார்கள். விறகு ஓதமேறிப் புகைந்தது. "காஞ்ச காயிதம் குடுங்க" என்றாள். மேசையில் லீலாவின் அரிவரிப் புத்தகம் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று கூப்பன் புத்தகங்களை எடுத்தான். பேரைப் பார்த்தான். அவளுடையதை நடுவே கிழித்துக் கல்லுக்குள் வைத்து, மெழுகுக் குச்சி ஒன்றை உரசினான். முதல் உரசலிலேயே பற்றியது.

வாசல் வாழையில் ஓர் இலை அறுத்தான். கட்டிலில் சுவர்ப் பக்கம் இலையைப் போட்டு உப்பில்லாத சோற்றை வைத்தான். பட்டப்பகலில் அரிக்கன் லாம்பை ஏற்றித் திரியை உயர்த்தி அவள் தலைமாட்டில் வைத்தான். அறை வெளிச்சமானது. அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

ஓர் உருண்டையைப் பிடித்து இலைக் கீற்றில் வைத்து வாசல் படியில் கொண்டுபோய் வைத்தான்.

காகம் வரவில்லை. அந்த மழையில் எங்கே வரும்? பெரியாயி கைகொட்டிக் கூப்பிட்டாள். "கா, கா." தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளைப் பனிப்புகார். மரத்தில் ஒரு சிறகு அசையவில்லை. உள்ளே சட்டியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

லீலா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காகத்துக்கு மழையில பறக்கத் தெரியாதே, அப்பா?"

"வரும். பொறு."

"வராட்டி?"

பெரியாயி வானத்தைப் பார்த்து யாரையோ வைதாள். "ஒனக்கு என்னாடி வீம்பு? பச்சப்புள்ள நிக்கிது பாரு."

அவள் வைதது காகத்தை இல்லை.

அவர்கள் இருவரும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லீலா படியில் குந்தி, உருண்டையை எடுத்து வாயில் வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, அவசரமில்லாமல், கன்னம் புடைக்கத் தின்றாள். பெரியாயி வீறிட்டுக்கொண்டு பிள்ளையின் கையைத் தட்டப் பாய்ந்தாள். சிதம்பரநாதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடு. காகம் வந்திட்டுது."

பெரியாயி அவனைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு போய்ச் சட்டியை எடுத்து வந்து மூன்று பேருக்கும் போட்டாள். தன் பங்கைக் கையில் எடுத்து, கட்டில் பக்கம் ஒருதரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மிளகாய் நெடி அடித்தது. வேறு ருசி இல்லை.

சாயந்தரம் லீலாவின் நெற்றி தணிந்தது.

மழை ஓய்ந்த அன்று லயத்து ஆட்கள் மறுகரையிலிருந்து கயிறு வீசினார்கள். அங்கேயும் அரிசி முடிந்திருந்தது. சிதம்பரநாதன் உறைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஓடைக்குக் கொண்டுபோனான். போன வருடம் அவளைச் சுமந்தவர்கள் லயத்து ஆட்கள். அவன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தவன். அந்தப் பாரம் அன்று அவன் தோளில் ஏறவில்லை. இன்றைக்கு ஏறி, கயிற்றில் ஆடி ஆடி, மறுகரைக்குப் போயிற்று.

"யாரு குடுத்தான்னு கேட்டா என்னாங்க சொல்றது?" கங்காணி கத்தினார்.

பெரியாயி முந்திக்கொண்டாள். "அம்மா குடுத்ததுன்னு சொல்லுங்க!"

ஓர் உறையை மட்டும் அவன் அனுப்பவில்லை. முன்னறையில், யார் அவசரத்துக்கும் கைக்கு எட்டும்படி, முளையில் மாட்டினான். பெரியாயி அதைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அவள் கூட்டுகிற சத்தத்தை அவன் வாசலில் நின்று கேட்டான். சுவர்ப் பக்கம் போனதும் அது மெதுவாயிற்று, தூங்குகிற ஆளைச் சுற்றிக் கூட்டுவதுபோல.