துரை படுக்கும் சட்டை

முதல் லாட்ஜில் நாயைப் பார்த்ததும் மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது நாயா, கன்னுக்குட்டியா?"

"நாய்தாங்க. வாயே திறக்காது," என்றாள் கொத்தனாரின் மனைவி.

"அது திறக்காது. தங்கியிருக்கிறவங்க திறப்பாங்களே! நீங்க ரெண்டு பேர்னா மாடியில ரூம் இருக்கு. இது ஆகாதும்மா."

கொத்தனாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டார்.

புது ஊரில் வேலை. சாமான்களை மேஸ்திரியின் குடோனில் இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. வாடகை வீட்டுச் சாவி மறுநாள்தான் கைக்கு வரும். அதுவரை எங்காவது தலை சாய்க்க வேண்டும். தலை மூன்று என்பதுதான் சிக்கல்.

துரை அவளுடைய முதல் புருஷன் வளர்த்த நாய். அந்த மனிதர் செத்து, போன வருஷம் அவள் கொத்தனாரைக் கட்டிக்கொண்டபோது துரையும் கூடவே வந்து சேர்ந்தது. அதை அவள் "வாங்க துரை, சாப்பிடுங்க துரை" என்பாள். கொத்தனாரைக் கூப்பிட "இந்தாங்க" என்ற ஒரே சொல்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. செத்தவரின் நீலக் கட்டம் போட்ட சட்டை. அதில் மூக்கைப் புதைத்தால்தான் துரைக்குத் தூக்கம் வரும். கட்டிலுக்குக் கீழே அது கிடக்கிறவரை அந்த அறையில் தான் நாலாவது ஆள் என்று அவருக்குப் பட்டது. உயிரோடு இருக்கிற ஆள் என்றால் சட்டையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்கலாம். இங்கே வெறும் சட்டைதான் இருக்கிறது.

இன்று காலை மூட்டை கட்டும்போது, வழியில் வீசிவிடலாம் என்று அதை யாருக்கும் தெரியாமல் எடுத்தார். ஆனால் பழைய துணி கையில் பட்டால் கொத்துக்கரண்டியைச் சுற்றி வைப்பது கொத்தனார் கைக்கு ஊறிப்போன வேலை. கவனிப்பதற்குள் சட்டை கரண்டியோடு சாமான் பைக்குள் போய்விட்டது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது லாட்ஜில் வாட்ச்மேனே வாசலை மறித்துக்கொண்டான்.

"ஒரு ராத்திரிதானே? குடோன்ல கட்டிப் போட்டுட்டு வந்தா என்ன?" என்று கொத்தனார் மெல்லப் போட்டுப் பார்த்தார்.

"உங்களைக் கட்டிப் போட்டுட்டு வரட்டுமா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே சிரித்தாள். "பாருங்க, வழியெல்லாம் உங்க காலையே சுத்திச் சுத்தி வருது. இப்பத்தான் உங்களைப் பிடிச்சிருக்கு அதுக்கு."

துரையின் மூக்கு பையிலேயே இருந்தது. கொத்தனார் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது லாட்ஜின் முதலாளியம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். "பின்னாடி சைக்கிள் ஷெட்ல கட்டுங்க. சத்தம் வந்துச்சுன்னா மூணு பேரும் வெளியதான், ஆமா."

அறைக்குள் வந்து பையை இறக்குவதற்குள் கீழே முனகல் தொடங்கிவிட்டது. அவள் மூட்டையைப் பிரித்து உதறினாள்.

"சட்டையைக் காணோமே. பாத்தீங்களா?"

"எந்தச் சட்டை?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, நான் போய் அதுகூட உக்காந்துக்கிறேன். நீங்க அலைஞ்சு வந்திருக்கீங்க, படுங்க." தலையணையோடு போய்விட்டாள்.

அகலமான கட்டில், சாத்திய கதவு, நாய் இல்லாத அறை. ஒரு வருஷமாக அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பெண்டாட்டி மட்டும் இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தார். துரையின் தலை அவள் மடியில். அதன் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நாயிடம் சொல்ல அத்தனை பேச்சு எங்கிருந்து வருகிறது? நாயிடம்தான் சொல்கிறாளா?

துரை தலையைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது.

"அம்மா! சொன்னேன்ல?" என்று முதலாளியம்மா உள்ளிருந்து கத்தினாள்.

கீழே மனைவி சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். தெருவில் தூறல். ஜன்னல் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. இந்த நாயோடு விடியும்வரை நடப்பாள், தன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோனது. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

ஷெட்டில் கரண்டியை உருவிவிட்டுச் சட்டையைக் கீழே போட்டார். துரை பாய்ந்தது. மோந்து பார்த்து, சிமெண்டு வாசத்துக்கு ஒரு பெரிய தும்மல் போட்டு, அதன்மேலேயே சுருண்டது.

"கரண்டி சுத்தவா எடுத்தீங்க?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. "இல்ல. தூக்கிப் போடத்தான் எடுத்தேன்."

அவள் குனிந்து, துரையின் அடியில் கசங்கிக் கிடந்த சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

"அவர் நல்ல மனுஷன். உங்களுக்காக அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கலையே."

"ஒரு வருஷமா மூஞ்சியால கேட்டுட்டுதான் இருக்கீங்க." பக்கத்தில் கிடந்த சாக்கைத் தட்டிப்போட்டாள். "நிக்காதீங்க. உக்காருங்க. ஈரம் படாம இந்தப் பக்கம்."

உட்கார்ந்தார். அவளுடைய இடது கை துரையின் முதுகில் கிடந்தது. வலது கை தானாக வந்து அவர் முழங்காலில் விழுந்தது. மூவருக்கும் மேலே தகரத்தில் தூறல் சடசடத்தது. அவளும் நாயும் தூங்கிப்போனார்கள். கொத்தனார் மட்டும் அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், எது அழுத்தமாகப் பதிந்திருக்கிறது என்று.