மரியதாசனைத் தூக்கிய ஞாயிறு

மொன்றியலில் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த மனுசன் யாரென்று தெரிந்தால், இந்த வயதிலும் மெற்றோ பிடித்துப் போய் அவனோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வருவேன். சங்கு மாதிரிச் சுழன்று சுழன்று ஏறும் இரும்புப் படி. கோடையில் பார்க்க அழகுதான். பெப்ரவரியில் அதில் ஏறுகிறவன் நாத்திகனாக இருந்தாலும் மேலே போய்ச் சேரும்போது அரைச் சாமியாராகிவிடுவான். பார்க் எக்ஸ்டென்ஷனில் றோசலின் வீட்டுப் படியில் நான் செபித்த அளவுக்கு எந்தக் கோவிலிலும் செபித்ததில்லை.

றோசலின் மட்டக்களப்புக்காரி. எண்பத்தைந்தாம் ஆண்டில் அகதியாக வந்தவள். வந்த புதிதில் நாங்கள் பூசைக்குப் போனால் முழுதும் பிரெஞ்சு. எங்களுக்கு விளங்கினது 'ஆமென்' ஒன்றுதான், அதைக்கூடச் சில நேரம் பிந்தித்தான் சொன்னோம். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் நாங்களே கூடி நற்செய்தி வாசிப்போம் என்று றோசலின் முடிவெடுத்தாள். முறை அவளுக்கு ஊரிலே சேசுசபைச் சுவாமி ஒருவர் பழக்கியது. ஒரு பகுதியை மூன்றுதரம் வாசிக்க வேண்டும். கண்ணை மூடி அந்த இடத்துக்குள்ளே போய் நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக, அங்கே நான் யாராக நின்றேன், என்ன கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

நான் எப்போதும் நல்ல இடமாகப் பார்த்துத்தான் நிற்பேன். பேதுருவின் மாமியார் காய்ச்சல் மாறி எழும்பிப் பரிமாறினாளே, அந்தப் பந்தியில் முதல் ஆளாக இருந்தவன் நான். இறால் குழம்பு என்று சொன்னேன். யூதர் இறால் சாப்பிட மாட்டார்கள் என்று பேரின்பநாதன் ஒரு வாரம் என்னோடு சண்டை பிடித்தார். அவர் தையல் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவர். மடிப்புக் கலையாத மனுசன், வேதமும் அவருக்கு மடிப்புக் கலையக்கூடாது.

பேரின்பநாதனோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கதிர்காமத்தம்பி சைவன். றோசலின் பொரிக்கிற ரோல்ஸுக்காக வந்து, எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செபிக்கப் பழகிவிட்டான். குட்டரோகியை யேசு தொட்ட பகுதியில் நாங்கள் எல்லாரும் யேசுவுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். அவன் மட்டும், தான் பயத்தில் ஓடிவிட்டதாகச் சொல்லி, அடுத்த ஞாயிறுவரைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தான்.

மரியதாசன் மட்டும் எங்கேயும் நிற்கவில்லை. அவருடைய முறை வரும்போது ஒவ்வொரு கிழமையும் ஒரே பதில்தான்.

"நான் அங்க இல்ல."

றோசலின் சரி என்பாள். தேத்தண்ணி ஊற்றுவாள்.

மரியதாசன் துறைமுகத்துப் பக்கம் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி அடுக்குகிறவர். அந்த அறையின் குளிர் எப்படியென்றால், உள்ளே வேலைசெய்கிறவர்கள் மைனஸ் இருபத்தைந்தில் தெருவுக்கு வந்து குளிர்காய்ந்துவிட்டுத் திரும்பப் போவார்கள். நாங்கள் எல்லாரும் குளிரைத் திட்டுவதையே அரை உத்தியோகமாக வைத்திருந்தோம். அவர் வாயில் குளிர் என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை.

அவருக்குத் தொலைபேசி இல்லை. எங்களில் பாதிப்பேருக்கு றோசலின் வீட்டு இலக்கம்தான். ஒரு ஐப்பசியில் அங்கேதான் அவருக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. வயலுக்குப் போன தம்பியைச் சுட்டுவிட்டார்கள். மரியதாசன், ஓம், ஓம் என்று கேட்டார். ரிசீவரை மெதுவாக வைத்தார். கோப்பையில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். நாங்களும் போனோம். அந்த வருசங்கள் எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான். செய்தி வரும், கேட்போம், வேலைக்கு நேரமாகிவிடும். எங்களுக்கு இரண்டு கிழமையில், இரண்டு மாதத்தில் ஏதோ ஒரு பஸ்ஸில் வைத்து அழுகை வந்துவிடும். மரியதாசனுக்கு வரவில்லை. அழுகை மட்டுமல்ல, ஒன்றுமே வரவில்லை. செபம் சொன்னால் வாய்க்குள் பஞ்சு வைத்தமாதிரி இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த மனுசனைத்தான் றோசலின் தன் கைக்குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டாள். அவள் கேட்டால் ஊரே நிற்கும். நான்கூட நிற்கத் தயாராகச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். மரியதாசன் மாட்டேன் என்றார். சுவாமி, விசுவசிக்கிறாயா என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்ல?

"நான் ஓம் எண்டு சொன்னா அது பொய், றோசலின். சின்னப் புள்ளைக்கு முன்னால நிண்டு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அதோடு விடவில்லை. விசுவாசம் இல்லாதவன் வட்டத்திலும் இருக்கக்கூடாது, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். வராமல் இருப்பதென்றால் வருகிற ஞாயிறு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நில்லுங்கள் என்றாள் றோசலின். மரியாதைக்கு அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, தரையில் விழுந்ததும் கண்ணாடியாக உறைகிற உறைமழை பெய்தது. மூலைக் கடை வாசலில், தெப்பனர் என்பார்களே, அங்கே மரியதாசன் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். முழங்கால்வரைக்கும் மாவுக்கட்டு. கட்டைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கோவில் தூணில் ஒன்றைக் கழற்றி மாட்டினமாதிரி இருந்தது. இனி வரத் தேவையில்லை என்று அவருக்கு நிம்மதி. றோசலின் விடுவாளா? அவருடைய நிலவறை அறையில் கூடலாம் என்றால், அங்கே ஒன்றரைப் பேருக்குமேல் நுழைந்தால் அரைப்பேர் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று எங்களுக்குக் கட்டளை.

தெருவில் சுகமாகத்தான் வந்தோம். கதிர்காமத்தம்பி தெப்பனர் கடையில் பியர்ப்பெட்டி இழுக்கிற கைவண்டியை இரவல் வாங்கிவந்திருந்தான். அதில் அவரை நிறுத்திக் கட்டி இழுத்தோம். எதிரே வந்த ஒரு கிழவி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். வினை படியில்தான் தொடங்கியது. றோசலினின் குசினிக் கதிரையில் அவரை இருத்தி, அவளுடைய இரண்டு நூல் சேலையால் வரிந்து கட்டி, நானும் பேரின்பநாதனும் மேலே, கதிர்காமத்தம்பி கீழே. பாதிப்படியில் வளைவு வந்தது. கதிரையின் கால் ஒன்று இரும்புக் கம்பிக்குள் புகுந்துகொண்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மரியதாசன் எங்களுக்கு நடுவே கிடந்து, தன்னைத் திரும்ப இறக்கிவிடும்படி அமைதியாகச் சொன்னார். மேலே கைப்பிள்ளையோடு நின்ற றோசலின், இறக்கினால் ஒருவருக்கும் ரோல்ஸ் இல்லை என்றாள்.

சத்தத்துக்குக் கீழ்வீட்டு ரெஜான் உள்பனியனோடு வெளியே வந்தான். எங்களைப் பார்த்தான். நற்கருணைப் பேழை, பூசைப் பாத்திரம், அப்பம் என்று கோவில் சாமான் எல்லாவற்றையும் வரிசையாகப் பிரெஞ்சில் சொன்னான். ஆபத்தில் எப்படிச் செபிக்கிறான் பாருங்கள் என்று பேரின்பநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் அவையெல்லாம் தூசணம் என்பது பிறகு தொழிற்சாலையில் அவரே அந்தச் சொற்களைப் பக்தியோடு சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வாய் எப்படியோ, ரெஜான் தங்கமான மனுசன். குளிர்சாதனப் பெட்டியை மாடிக்கு ஏற்றுகிற கயிற்றைக் கொண்டுவந்தான். கம்பியிலிருந்து கதிரையைக் கழற்றி அடிப்படிக்கு இறக்கி, கயிறு கட்டி, மேலே முகப்பு மாடத்திலிருந்து நாங்கள் இருவரும் இழுக்க, கீழிருந்து அவனும் கதிர்காமத்தம்பியும் தோளால் கொடுத்தார்கள். மரியதாசன் பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகாயத்தில் எழுந்தருளினார். பனி அவர் மீசையில் விழுந்தது. துடைக்கவில்லை. கயிறு அறுந்தாலும் துடைத்திருக்க மாட்டார். அந்த முகத்தை மேலிருந்து நேராகப் பார்த்தேன். அதில் பயமும் இல்லை, கோபமும் இல்லை, ஒன்றுமில்லை.

கைப்பிடிக்கு மேலால் அவரை உள்ளே எடுத்து, கதிரையோடு கூடத்தின் நடுவில் வைத்தோம். ரெஜானும் ரோல்ஸ் வாசத்துக்கு ஏறிவந்து கதவடியில் நின்றான். மரியதாசன் சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தார். முதலில் வாசிப்பு என்றாள் றோசலின். நாங்கள் மாற்குவைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து வந்தவர்கள். போன கிழமை குட்டரோகியோடு நிறுத்தியிருந்தோம். அவள் விட்ட இடத்தில் தொடங்கினாள். வீடு நிறையச் சனம். கைகால் முடங்கிய ஒரு திமிர்வாதக்காரனை நாலுபேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசலால் போக வழியில்லை. கூரையைப் பிரித்து, கட்டிலோடு இறக்குகிறார்கள்.

சத்தியமாக ஒருவரும் திட்டமிடவில்லை. றோசலினே அந்த இடத்தில் நிறுத்தி எங்களைப் பார்த்தாள். கதிர்காமத்தம்பி சிரிப்பை அடக்கப் போய்ப் புரைக்கேறிவிட்டது. இரண்டாந்தரம், மூன்றாந்தரம் வாசித்தபோது ஒருவர் கண்ணும் மூடவில்லை.

கதிர்காமத்தம்பி தான் அந்த வீட்டுக்காரனாக நின்றதாகச் சொன்னான். எல்லாரும் அற்புதத்தைப் பார்க்க, தான் அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தானாம், இனி இந்தக் கூரையை ஆர் மேயிறது என்று. நான் கட்டிலின் முன்பக்கம் பிடித்தவன், பாரம் முழுக்க என் பக்கம்தான் என்றேன். பேரின்பநாதன் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பிறகு மரியதாசனின் முறை.

"இண்டைக்கு நான் அங்க இருந்தன்."

றோசலின் தேத்தண்ணிக்குப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

"கட்டில்ல கிடந்தன். மேல ஒரு ஓட்டை, அதால உங்கட மூஞ்சியள் தெரிஞ்சிச்சு. நான் ஒண்டும் நினைக்கல்ல. கும்பிடவும் இல்ல."

மாவுக்கட்டை விரலால் ஒருதரம் தட்டினார்.

"அவன் விசுவாசிச்சான் எண்டு அதில ஒரு சொல்லும் இல்ல, றோசலின். மூண்டுதரமும் கவனிச்சுக் கேட்டன். தூக்கிட்டு வந்தவங்கட விசுவாசத்தத்தான் யேசு பாத்தாராம்."

அப்படியென்றால் இப்போது ஏதும் உணருகிறீர்களா என்று பேரின்பநாதன் ஆவலாகக் கேட்டார்.

"இல்ல. காலும் அப்படித்தான். நெஞ்சும் அப்படித்தான்."

றோசலின் எழும்பிப் போய்ப் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

"இவளுக்கும் விசுவாசம் எண்டா என்னெண்டு தெரியா. இவளையும் தூக்கிட்டுத்தான் போறம். நீங்க பொய் சொல்ல வேணாம். நாங்க இருக்கிறம்தானே."

மரியதாசன் பிள்ளையைப் பார்த்தார். நின்று தூக்க முடியாதே, இருந்துகொண்டு தூக்கலாமா என்று கேட்டார். இருந்துகொண்டே தூக்குங்கள் என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல வந்த கதையை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோவிலில் அவருக்கு ஒரு கதிரை. நூல் சேலையால் கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சுவாமி பிரெஞ்சில் கேட்டார், விசுவசிக்கிறாயா. மரியதாசன் திரும்பி எங்களைப் பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் முந்தி, கோவில் அதிரும்படி 'உய்' என்று பிரெஞ்சில் ஓம் சொன்னவன் சைவக் கதிர்காமத்தம்பி. அதற்குப் பிறகு மரியதாசன், ஓம் என்றார். அன்றைக்குத் தொலைபேசியில் சொன்ன அதே ஓம். ஒரு இம்மிகூட மாறவில்லை.

சுவாமி தண்ணிக் குவளையை எடுத்தார். பிள்ளையின் தலையைப் பிடித்திருந்த மரியதாசனின் கையில் இரண்டு துளி சிந்தியது. அவர் கையைப் பார்த்தார்.

"சுவாமி, தண்ணி குளிருது."

தமிழில்தான் சொன்னார். சுவாமிக்கு விளங்கவில்லை. றோசலின் என்னைப் பார்த்தாள், நான் ரெஜானைப் பார்த்தேன், அவனும் வந்திருந்தான். மரியதாசன் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவாமியின் கையோடு சேர்த்துக் குவளையைப் பொத்திப் பிடித்தார். குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற கை. அது சூடாக்குகிற தண்ணியில் ஒரு ஈ குளித்தாலும் அதற்கு நியூமோனியா வந்துவிடும். ஆனாலும் விடவில்லை. சுவாமியும் கையை இழுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. நாங்கள் எல்லாரும் தண்ணி சூடாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.