பிராண்ட்லியின் முழங்கால்

எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பிராண்ட்லி வாஸ் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு வீடியோ போட்டான். பின்னணியில் பியானோ, கண்ணில் நீர். அணிப் பையன்கள் எல்லாம் தன் கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்று மூக்கை உறிஞ்சிவிட்டு, சீசன் முடிவில் வரும் பௌல் ஆட்டத்தில் தான் ஆடப்போவதில்லை என்றான். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும். அதுவரை அவனுடைய முழங்கால் பத்திரமாக இருக்க வேண்டுமாம்.

அந்த முழங்காலை மூன்று வருடமாகக் காப்பாற்றியவன் நான். அவனை நசுக்க ஓடிவரும் மலைமாடுகளை என் நெஞ்சில் வாங்கிக்கொள்வதுதான் என் வேலை. என்னை எந்த அணியும் எடுக்காது. ஜனவரியில் ஒரு பயிர்க்காப்பீட்டு ஆபீஸில் சேரப்போகிறேன். ஆகவே அந்த பௌல்தான் என் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். ஜெயித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கோச் ஸ்ட்ரவுட் எங்களை உட்காரவைத்து விசுவாசம், குடும்பம் என்று பிரசங்கம் செய்தார். பிராண்ட்லியின் பேரைச் சொல்லாமலே காறித் துப்பினார். அந்த வாரமே ஒரு பெரிய யுனிவர்சிட்டி கோச் வேலைக்குக் கூப்பிட்டது, விமானம் ஏறிவிட்டார். எங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலும் குடும்பம் இருந்தது.

பிராண்ட்லி மட்டும் பௌல் நடக்கும் லூசியானாவுக்கு எங்களோடு வந்தான். ஆடாதவனுக்கு அங்கே என்ன வேலை? பௌல்காரர்கள் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் ஹெட்போனையும் கடிகாரத்தையும் வாங்க வரிசையில் முதல் ஆளாக நின்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஹோட்டல் லிஃப்டில் என்னிடம் நியாயம் வேறு பேசினான்.

"என் இடத்துல நீ இருந்தா ஆடுவியா, லோவெல்? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"உன் இடத்துல என்னைய எவனும் வைக்கலையே. அப்புறம் என்ன கேள்வி?"

உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. அது எரிச்சலை இன்னும் கூட்டியது.

அவன் இடத்தில் எல்லிஸ் இறங்கினான். இரண்டாம் வருடக்காரன், ஆட்டத்துக்கு முன்னால் குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தவன். ஆனால் அடி வாங்க வாங்க எழுந்து நின்றான். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். அவன் பந்தை எறியக் கை ஓங்கியபோது இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஒருவனை நான் நெஞ்சில் நிறுத்தினேன், இன்னொருவன் என் முழங்கால் மேல் விழுந்தான். உள்ளே ஏதோ அறுந்தது. பந்து போய்ச் சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெயித்துவிட்டோம்.

என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டும் சாம்பியன் தொப்பியுமாக பிராண்ட்லி ஓடிவந்தான். நல்ல ஓட்டம், ஒரு சுளுக்குகூடக் கிடையாது. டிவிக்காரப் பெண் மைக்கோடு பின்னாலேயே வந்தாள். அவன் என் தோளில் கைபோட்டான்.

"பாருங்க, எங்களுக்காகக் காலையே குடுத்துட்டான் நம்ம லோவெல். இதுதாங்க டீமு."

அவள் மைக்கை என் பக்கம் நீட்டினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, மரியாதையாகவே கேட்டேன்.

"சார் யாருங்க? ஆடுனவங்க மட்டுந்தான் உள்ள வரலாம்னு யாரும் சொல்லலையா?"