கிளட்ச் பிளேட்டில் எண்ணெய்

அந்த ஆயில் சீலாகத்தான் இருக்கும், வேறென்ன, இரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்ததுதானே, கியர்பாக்ஸை இறக்கினால் உள்ளே எல்லாம் எண்ணெயில் குளித்துக் கிடக்கும், ஐயப்பன் எட்டிப் பார்ப்பான், பார்த்துவிட்டு... என்ன சொல்வான்? ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்து கடைசி போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் எல்லாமே இரட்டை வேலை, முன்னுக்கு ஒரு ஷாப்ட், பின்னுக்கு ஒரு ஷாப்ட், கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பெட்டி, எல்லாம் துரு, துருப்பிடிக்காமல் என்ன செய்யும், ஐயப்பன் பெண்டாட்டி அழகியநாயகி செத்த அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி. அதன்பிறகு அவன் வேறு யாருடைய வண்டியையோ ஓட்டினான், கீரிப்பாறையிலிருந்து இறங்கினால் தடிக்காரன்கோணத்தில் என் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும், தினமும் ஹாரன் அடிப்பான், நான் கையைத் தூக்குவேன், அவ்வளவுதான், முகம் பார்த்துப் பேசியதில்லை. நேற்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். மகள் சிவப்ரியா காலேஜில் சேர்ந்திருக்கிறாள், எஸ்டேட் லயன் வீடுகளில் இருக்கிறவர்களும் அவசரத்துக்கு வண்டி இல்லை என்கிறார்கள், கிளட்சும் ஆயில் சீலும் மாற்றித் தரவேண்டும் என்றான். ஊரில் வேறு மெக்கானிக்கே இல்லையா, ஏன் என்னிடம் கொண்டுவந்தான்...

அந்த வருஷம் மாசியில்தான் இதே கிளட்சை மாற்றினேன். பிளேட் புதுசு போட்டேன், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் உண்டு, அந்த சீல் நாகர்கோவிலில் அன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை, சனிக்கிழமை வேறு, பழையதைத் துடைத்துப் பார்த்தேன், தாங்கும் போலிருந்தது, அப்படியே விட்டு மூடிவிட்டேன். சீலும் மாத்தியாச்சு மக்கா என்று சொல்லவும் செய்தேன். ஏன் சொன்னேன்? மாற்றவில்லை, அடுத்த தடவை பார்ப்போம் என்று சொன்னால் அவன் என்ன என்னை அடிக்கவா போகிறான்? எட்டு மாதம் கழித்து, ஐப்பசி மழையில், ரப்பர் பால் எடுக்கப்போன அழகியநாயகியை விரியன் கடித்தது. இந்த ஜீப்பில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். ஓடையைத் தாண்டி ஏற்றத்தில் இன்ஜின் கத்தியதாம், வண்டி நகரவில்லையாம், அந்த வழியாக ஒரு லோடு வண்டி வர ஒரு மணிக்கூருக்கு மேல் ஆயிற்றாம். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கேள்விப்பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த சீல் கிழிந்து எண்ணெய் பிளேட்டில் ஏறியிருக்கிறது, எண்ணெய் ஏறிய கிளட்ச் ஏற்றத்தில் பிடிக்காது. துட்டி கேட்க அந்தச் சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன், என் பெண்டாட்டி குளோரி மட்டும் போய்விட்டு வந்தாள்.

கியர்பாக்ஸை இறக்க ஐயப்பன்தான் மறுபக்கம் பிடித்தான், ரண்டு பேருமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பலகையில் வைத்தோம், பாத்துண்ணே, கை பாத்து என்றான், என் கையைப் பற்றி அவனுக்கு என்ன கவலை... வைத்ததும் உள்ளே பார்க்காமல் திரும்பிக்கொண்டு, சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று சாலையைக் கடந்து போய்விட்டான். எனக்கும் அதுவே நல்லதாகப் போயிற்று. பிரஷர் பிளேட்டைக் கழற்றினேன், கிளட்ச் பிளேட் கையில் வந்தது, உலர்ந்த கறுப்புப் பொடி முகத்தில் கொட்டியது. பொடி. ஈரமில்லை. கையை உள்ளே விட்டு சீலைச் சுற்றித் தடவினேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை, நான் மாற்றாமல் விட்ட அதே சீல், ஒரு கசிவும் இல்லாமல் இருந்த இடத்தில் இருக்கிறது. பிளேட்டுதான் தேய்ந்து, ஆணித்தலைகள் வெளியே வந்து ஃபிளைவீலைக் கீறியிருந்தன. புதுப்பிளேட் எட்டு மாதத்தில் இப்படித் தேயுமா? தேயும், ஓட்டுகிறவன் கிளட்ச் மிதியின்மேல் எந்நேரமும் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் தேயும். ஐயப்பன் அப்படித்தான் ஓட்டுவான், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், காலை எடு மக்கா என்று. அப்படியென்றால் நான் இல்லை... நான் இல்லை என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, நெஞ்சுக்கூட்டுக்குள் எதுவோ கழன்று விழுந்த மாதிரி ஒரு சுகம், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அதற்குள் அந்தப் போன் மணி.

இப்போது அடித்ததல்ல. அழகியநாயகியைப் பாம்பு கடித்த அன்றைக்கு அடித்தது. மத்தியானம் சோற்றின்முன் உட்கார்ந்திருந்தேன், சாளைக் குழம்பு, குளோரி அடுக்களையில், போனில் ஐயப்பன் பெயர். அந்த வாரத்தில் மட்டும் ரண்டு தடவை வந்து கிளட்ச் வழுக்குகிறது, கருகிய வாடை வருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான், அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிவிட்டிருந்தேன், திறந்தால் பழைய சீல் வெளியே வந்துவிடுமே என்ற பயம், வேறென்ன. தின்னவும் விடமாட்டான் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று தடவை அடித்தது, மூன்று தடவையும் பாயில் கிடந்து அதிர்ந்தது. என்னுடைய பிக்கப் வாசலில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது, அந்த ஓடைக்கு அரைமணிக்கூர்கூட ஆகாது. இரண்டு வருஷமாக சீல் சீல் என்று உருகியதெல்லாம் எதற்கு? சீலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தால் போனைப் பற்றி நினைக்க வேண்டாமே, அதற்குத்தானா? இப்போது சீல் உலர்ந்து கிடக்கிறது, ஒளிந்துகொள்ள இடமில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஐயப்பன் சாயா கிளாசை வைப்பது தெரிந்தது. வந்தால் கேட்பான், எதனால போச்சுண்ணே என்று. உன் காலால் என்று சொல்வதா, அவனைப் பார்த்து? அழகியநாயகியை மடியில் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஒரு மணிக்கூர் மழையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து? கழிவு எண்ணெய்த் தட்டு காலடியில் இருந்தது. பிளேட்டை அதில் முக்கி எடுத்தேன், கை தானாகச் செய்தது, சீலைச் சுற்றியும் துணியால் பூசினேன். அவன் வந்து நின்றதும் பிளேட்டை நீட்டினேன், எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. சீல் போயிருக்கு மக்கா, அன்னைக்கு மாத்திட்டேன்னு பொய் சொன்னேன், மாத்தல்ல என்றேன். பாதி உண்மைதானே, முழுக்கப் பொய்யில்லையே... அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டான். நான் என் காலுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன் என்றான், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவன் பாரத்தை நான் வாங்கிக்கொண்டேன், சரிதானே, பிறகு ஏன் வாங்கிக்கொண்டவன் மாதிரி இல்லாமல் எதையோ ஒளித்தவன் மாதிரி இருக்கிறது?

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி ஒரே சீராகத் தட்டி ஏற்றினேன். புதுப் பிளேட்டை நடுவில் நிறுத்தி ஐயப்பனைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீங்க ஊருல இருந்திருந்தா அன்னைக்கு வண்டியெடுத்துட்டு வந்திருப்பிய. நான் மூணு தடவ போன்ல விளிச்சேன். போன வீட்டுல வச்சிட்டு அஞ்சுகிராமம் போயிருந்தியன்னு குளோரி மைனி சொன்னாவல்லா."

"எப்ப சொன்னா?"

"துட்டிக்கு வந்தப்ப. நான் கேக்கவே இல்ல. அவியளாட்டு வந்து சொன்னாவ."

ஸ்பானர் போல்ட்டில் பொருந்தாமல் நழுவியது, மறுபடி வைத்தேன், மறுபடி நழுவியது. குளோரி அடுக்களையில் அல்லவா இருந்தாள், அடுப்பில் எதுவோ தாளிக்கிற சத்தம்கூடக் கேட்டதே, போன் அதிர்ந்தது அவளுக்குக் கேட்டிருக்காது என்றல்லவா... கேட்டிருக்கிறது. கவிழ்த்து வைத்ததைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வந்து எனக்கு இன்னும் ரண்டு அகப்பை சோறு போட்டாள், போட்டாளா, ஆமாம் போட்டாள், நான் தின்றேன். இரண்டு வருஷம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, கோயிலுக்கு ஒன்றாகப் போய், ஒன்றாக முட்டுப்போட்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, இல்லை, கேட்டால் ஐயப்பன் தாங்கமாட்டான், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று சொன்னாளா... எனக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். போல்ட்டை இறுக்க இறுக்க அப்படித் தோன்றவில்லை.