எட்டு எண்ணும்போது தூக்கிய கை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே சொகுசாக இருந்து எழுதிய முதல் வரி இது:

'1996, பாங்கொக். நடுவர் "ஸ்டொப்" என்றதும் ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்…'

ஏன் என்று கொழும்புத் தமிழருக்கு விளங்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து பயிற்சிக்குப் போகும் வழியில் அவனுக்கு மூன்று சென்றி, ஆமியின் சோதனைச் சாவடிகள். தொண்ணூறு கிலோ உடம்பைக் கண்டதுமே ஆமிக்காரன் துவக்கை நீட்டி, கையைத் தூக்கு என்று சிங்களத்தில், "அத உஸ்ஸன்ன" என்பான். இவன் கையைத் தூக்குவான். அந்தப் பழக்கத்தில் குத்துச்சண்டை மேடையிலும் தூக்கிவிட்டான், தாடையில் குத்து விழுந்தது, தோற்றான். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

(தன் கதைக்குத் தானே அழும் எழுத்தாளரை நம்பாதீர்கள்.)

2

சிக்கல் என்னவென்றால் பாத்திரம் உயிரோடு இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை ஒன்றில் வேலை. பத்து வருடம் கழிந்தும் நாட்டில் சண்டை முடியவில்லை. இரண்டு இடத்தில் அடையாள அட்டையைக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தேன். வாசித்துக் காட்டினேன். தராசில் ஆணி நிறுத்தபடியே கேட்டார்.

"தங்கச்சி, சென்றியில தூக்கினது உண்மை. தூக்காட்டிச் சுடுவான். ஆனா ரிங்கில 'ஸ்டொப்' எண்டதுக்கு ஆர் தூக்கினது?"

"அது சும்மா கதைக்காக, அண்ணை."

"என்னைப் பாவமாக்கவோ?" தராசைத் தள்ளி வைத்தார். "வெளிநாட்டில மூண்டு ஃபைட். மூண்டையும் ரெஃப்ரி பாதியில நிப்பாட்டினவன். பாங்கொக் நாலாவது. வெல்லுவன் எண்டு நான் போகேல்ல. ஒருக்காவது கடைசி மணி கேக்குமட்டும் நிக்கோணும் எண்டு போனனான்."

"பிறகு?"

"மூண்டாம் ரவுண்டில, அதுதான் கடைசி ரவுண்ட், விழுந்தன். எழும்பினன். ரெஃப்ரி எட்டு மட்டும் எண்ணினான். அப்பதான் ரெண்டு கையையும் தூக்கினனான்."

"அப்ப தூக்கினீங்கள்தானே!"

கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "ஓம், சட்டம் அது. எட்டு எண்ணினாப் பிறகு கையைத் தூக்கிக் காட்டோணும், நான் இன்னும் அடிபட ரெடி எண்டு. தூக்காட்டித்தான் நிப்பாட்டுவான். இது கூடத் தெரியாமலே எழுத வந்தனீங்கள்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கை தூக்கினால் சரணடைவது என்று எனக்குப் பழக்கிய ஊரில் இவரும்தான் வளர்ந்தார்.

3

(இனி 'அவன்' இல்லை. 'அவர்'.)

இரண்டாம் முயற்சி: 'விளக்கொளியில் வியர்வை…' வேண்டாம்.

மூன்றாம் முயற்சி: 'இனத்தின் வலியெல்லாம் அவர் தோளில்…' ஐயோ, இதைக் கேட்டால் கடையை விட்டே துரத்துவார்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஆறு என்னும்போது ஓரடி பக்கமாகத் தள்ளாடினார். ஏழு என்னும்போது மூலையில் பயிற்சியாளர், உள்ளே எறிந்து சண்டையை நிறுத்தவென்று, துவாயைக் கையில் எடுத்தார். ஸ்ரனிஸ்லாஸ் அந்தப் பக்கம் திரும்பி, தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். எட்டு. கையுறைகள் இரண்டும் முகத்துக்கு நேரே உயர்ந்தன.

4

கடைசி மணி கேட்டதா? அவர் எனக்குச் சொன்னார். நான் எழுதமாட்டேன். கேட்டது என்றால் கைதட்டுவீர்கள், கேட்கவில்லை என்றால் உச்சுக் கொட்டுவீர்கள். இரண்டும் அவருக்குத் தேவையில்லை.

ஆகவே நடுவர் வேலை உங்களுக்கு. கடைசி மணிக்கு இன்னும் எழுபது செக்கன் இருக்கிறது. மூக்கிலிருந்து இரத்தம் வடிகிறது. கைகள் உயர்ந்தபடியே இருக்கின்றன.

நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். ஆனால் அவருடைய கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.