பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு

அண்ணன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதவை அவள் மறுபடியும் தட்டினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்டாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். அவனோ அப்பாவின் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்திருந்தால் அவள் பேசாமல் போயிருப்பாள். வந்தது ஒரு ஸ்குரூ விழுந்து உருளும் சத்தம்.

அவள் ஆடிட்டர். எல்லோரும் சரி என்று கையெழுத்துப் போட்ட கணக்கிலும் எங்கேயோ இடிக்கிறதே என்று தேடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியாது. காலையில் வந்து இறங்கியதிலிருந்தே அண்ணனின் முகம் சரியில்லை. பெரிதாக்கி வைக்க நல்ல போட்டோ ஒன்று கம்ப்யூட்டரில் இருக்குமே, எடுத்துக் கொடு என்று அத்தை கேட்டதும் பேயறைந்த மாதிரி நின்றான். அது ஓடவில்லை என்றான். என்ன ஆச்சு என்று இவள் துருவியதற்கு, பழசுதானே என்று மழுப்பினான். போன வாரம்வரை அப்பா அதில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அப்பா அதில்தான் வைத்திருந்தார். வீட்டை இடித்துக் கட்டலாம் என்று அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்ததும், அப்பா பிடிகொடுக்காமல் இருந்ததும் அவளுக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிய அன்றே கைவரிசையைக் காட்டுகிறானே என்று வயிறெரிந்தது. இப்படி நினைக்கிறோமே என்று தன்மேலும் எரிச்சல் வந்தது. ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"திறக்கிறியா, இல்ல எல்லாரையும் கூப்பிடட்டுமா?"

தாழ்ப்பாள் விலகியது. அவன் கதவை ஒரு கை அகலத்துக்குத்தான் திறந்தான். அவளே தள்ளிக்கொண்டு உள்ளே போய் மறுபடி சாத்தினாள். அப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டி பக்கவாட்டு மூடி கழன்று தரையில் படுத்துக் கிடந்தது. உள்ளே தூசி மண்டியிருந்தது. பக்கத்தில் புது ஹார்டு டிஸ்க் வந்த அட்டைப்பெட்டி, காலியாக. அண்ணன் எதையோ துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தான்.

"துண்டுக்குள்ள என்ன?"

அவன் பிரித்துத் தரையில் வைத்தான். ஒரு டிஸ்க். அதன் ஜோடி பெட்டிக்குள் மாட்டியிருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு.

"எதை அழிச்ச?"

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான்.

"எல்லாத்தையும்" என்றான்.

பிறகு உடைத்துச் சொன்னான். பழைய டிஸ்க் கொஞ்ச நாளாகக் கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது. நின்றுவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அம்மா போவதற்கு முன்னால் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன. அம்மாவின் குரல் இந்த வீட்டில் மிச்சமிருந்ததே அதற்குள்தான். வேறு எதையும் நம்பாமல், பழையதைப் போலவே ஒன்றைக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்திருக்கிறார். நேற்று மத்தியானம் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பாவால் குனிய முடியாது என்பதால் அவர் நாற்காலியில், அண்ணன் தரையில் டார்ச்சோடு. அப்பா கரண்ட் மீட்டர் மாட்டியே காலம் தள்ளிய மனிதர். பழையது முதல் முனையில், புதியது அடுத்ததில் என்பது அவர் வைத்த சட்டம். அண்ணன் பழையதைக் கழற்றித் துடைத்துக் கீழ்த் தட்டில் மாட்டியபோது முதல் ஒயர் அதற்கு எட்டவில்லை. எட்டிய அடுத்த ஒயரில் அதைச் செருகி, முதல் ஒயரைப் புதியதில் மாட்டிவிட்டான். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லவும் இல்லை. முதல் முனையில் இருப்பது திரையில் டிஸ்க் பூஜ்யம், அடுத்தது டிஸ்க் ஒன்று என்று வந்தது. இரண்டுக்கும் வேறு அடையாளமே கிடையாது.

"பூஜ்யத்துல இருந்து ஒண்ணுக்குன்னு சொல்லிட்டு அப்பாவேதான் அமுக்கினாரு. பூஜ்யத்துல இருந்தது புதுசு. வெறும் டிஸ்க எடுத்து அம்மா மேல காப்பி பண்ணிட்டோம்."

ராத்திரி வேலை முடிந்தபோது இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒயர் மாறிய கதையை அண்ணன் அப்போதுதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா திட்டவில்லை. சரி விடு என்று எழுந்து, போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். காலையில் எழுப்பினால் எழவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர், மேலே எழுதிவிட்டால் பழையது தேறாது என்று போனிலேயே கைவிரித்துவிட்டாராம். அப்படியும் மனம் கேட்காமல் இவன் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் இதையும் கணக்கைப் போலத் தட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் கையை விட்டு முதல் ஒயரை இழுத்தாள். நிஜமாகவே குட்டைதான். அவள் இழுத்துப் பார்த்ததை அவன் கவனித்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தூக்கத்துலயே போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அவர் தூங்கினாரான்னே எனக்குத் தெரியலயே" என்றான். துண்டை மடித்துக்கொண்டே, "படுக்கறதுக்கு முன்னாடி உனக்குத்தான் போன் பண்ணினாரு. பண்றதப் பாத்துட்டுத்தான் கதவச் சாத்தினேன். என்ன சொன்னாரு?"

போன் அடித்தது உண்மை. ஏதோ ஒரு கம்பெனியின் கணக்கை முடிக்கிற மும்முரத்தில் இருந்தாள். அப்பா என்று திரையில் பார்த்தும், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அடித்து ஓயவிட்டாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் பேசினாரு" என்றாள். "டிஸ்க் போனா போவுது, உன் அண்ணன் மூஞ்சியத்தான் பாக்க முடியலன்னு சிரிச்சாரு."

அண்ணன் அவளை உற்றுப் பார்த்தான். காலையிலிருந்து அவள் அவனைப் பார்த்த அதே பார்வை. அப்பா சொல்லித் தெரிந்தவள், எதை அழித்தாய் என்று கேட்டுக்கொண்டு வருவாளா? இடிப்பது எங்கே என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவள் பார்வையை விலக்காமல் நின்றாள்.

அவன் குனிந்து பெட்டியின் மூடியை எடுத்தான்.

"வேற?" என்றான்.

அவள் தரையில் உட்கார்ந்து மூடியை அதன் இடத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, அப்பா இன்னும் என்னவெல்லாம் சொன்னார் என்று சொல்லத் தொடங்கினாள். அவன் தலை நிமிராமல் ஸ்குரூவை முடுக்கினான். முடுக்கியதைத் தளர்த்தி மறுபடியும் முடுக்கினான்.