ஏழு வீட்டுக் காதுகள்

வானொலி நிலையம் ஒன்றை விற்கும்போது உண்மையில் எதை விற்கிறார்கள் என்பது நாகேஸ்வரிக்கு முதலில் தெரியாது. கோபுரத்தையும் இயந்திரங்களையும் இசைத்தட்டுகளையும் விற்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அதையெல்லாம் பழைய இரும்புக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான் என்றார் அவள் புருஷன் அரியரத்தினம். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த இயந்திரங்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டி மூன்று வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவரே அவர்தான்.

"அப்ப என்னத்தைத்தான் வாங்கப் போறாங்கள்?"

"லைசென்ஸை. அதோட கேக்கிற சனத்தை. எத்தினை காது எங்கட பக்கம் திரும்பி இருக்கெண்டதுதான் விலை."

இது 1977இல். நிலையம் சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி கெல்லர் எழுபதைத் தாண்டியவர், இனிப் போதும் என்று விற்கப் புறப்பட்டுவிட்டார். வாங்க வந்தது மெல்பேர்ண் கம்பனி ஒன்று. கேட்பவர்கள் தொகை நன்றாக இருந்தால் நிலையத்தை இருக்கிறபடியே நடத்துவார்களாம். இல்லையென்றால் கலையகத்தை மூடிவிட்டு, லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, நகரத்து நிகழ்ச்சிகளை அப்படியே இங்கே ஒலிக்கவிடுவார்களாம். மூடினால் அரியரத்தினத்துக்கு வேலை இல்லை.

கொழும்பில் பொறியியலாளராக இருந்த மனிதர், இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் கார்த் தொழிற்சாலையில் கதவுகளுக்குத் திருகாணி முடுக்கினார். அந்த வருஷம் முழுக்க அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கண்டதில்லை. இன்னொரு தடவை அங்கே போக நேர்ந்தால் மனிதர் தாங்கமாட்டார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கேட்பவர்களைக் கணக்கெடுத்தது வேறொரு நிறுவனம். அதில்தான் நாகேஸ்வரிக்குப் பகுதிநேர வேலை. பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய் ஆளுக்கொரு குறிப்புக் கொப்பி கொடுக்க வேண்டும். அவர்கள் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் எந்த நேரம் எந்த நிலையத்தைக் கேட்டார்கள் என்று கட்டம் கட்டமாகக் குறித்து வைப்பார்கள். அடுத்த கிழமை போய்த் திருப்பி வாங்க வேண்டும். வீட்டில் யாராவது வானொலியில் வேலை செய்கிறார்களா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினாள். அப்போது அரியரத்தினம் தொழிற்சாலையில் இருந்ததால் அது பொய் இல்லை. அவர் வேலை மாறிய பிறகும் திருத்தாமல் விட்டாளே, அதுதான் பொய்.

பென்டில் ஹில் பகுதியில் அவளுக்கு இருபது வீடுகள். பதின்மூன்று வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். மற்ற ஏழிலும் அவள் நிறத்தையும் கையிலிருந்த கொப்பிக் கட்டையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்த வீட்டைத் தட்ட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் ஒரு நாளாவது மழையில் நனைந்துகொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவள் பேசாமல் ரயிலேறி வென்ட்வேர்த்விலுக்குப் போனாள். அங்கேயும் அக்கம்பக்கத்திலுமாக, தெரிந்த ஏழு தமிழ் வீடுகளில் மிச்சக் கொப்பிகளைக் கொடுத்தாள். தேத்தண்ணியும் கொடுத்துக் கொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் நிலையத்துக்குச் சாதகமாக எழுதுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலையத்தை விற்கப் போகிறார்கள், இவருடைய வேலை என்னவாகுமோ தெரியாது என்று மட்டும், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அடுத்த கிழமை, அந்த ஏழு வீடுகளில் ஒன்றில், ராஜகுமாரி அன்ரி கதவைத் திறந்தபோதே முகமெல்லாம் பெருமை.

"பிள்ளை, ஒரு கட்டமும் வெறுமையா விடேல்லை. நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

நாகேஸ்வரி கொப்பிகளைப் பிரித்தாள். ஆறு பேர், ஆறு கொப்பி, காலை ஐந்தரை தொடக்கம் நள்ளிரவு வரைக்கும் ஒரே நிலையம்.

"அன்ரி, அங்கிள் இரவு வேலைக்குப் போறவரெல்லோ? பகலில நித்திரையெல்லோ?"

"நித்திரையிலயும் கேப்பார். எங்கட அரியத்தின்ரை வேலையெல்லே, கேக்காமல் விடுறதே?"

மற்ற ஆறு வீடுகளிலும் இதே கூத்துத்தான். அரியத்துக்கு வேலை போகப் போகிறதாம் என்று தொலைபேசியில் செய்தி சுற்றியிருந்தது. கலியாண வீட்டுக்குக் கதிரை தூக்குவதைப் போல எல்லோரும் ஓடிவந்து கைகொடுத்திருந்தார்கள். அவர்களை எப்படி ஏசுவது? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூடக் காலை பத்து மணிக்குக் கேட்டதாக எழுதியிருந்தார்கள்.

நிறுவனத்தில் உண்மையைச் சொன்னால், வீடுகளை மாற்றியதும் புருஷனின் வேலையை மறைத்ததும் வெளியே வரும். கொடுக்காமல் விட்டால் ஏழு வீடு எங்கே என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. இரண்டு நாள் கொப்பிகளை அலுமாரிக்குள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் இருபது வீட்டுக் கொப்பிகளையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் அரியரத்தினம் கையில் கேக்குடன் வந்தார்.

"நாகேஸ், நிலையத்தை வித்தாச்சு! கெல்லர் கேட்ட விலைக்கே வாங்கிப் போட்டாங்கள். ஒருதரையும் நிப்பாட்ட மாட்டினமாம். இந்தப் பகுதியில கேக்கிற ஆக்கள் மூண்டு மடங்காம்!"

"நல்லதுதானே."

"நான் இவ்வளவு நாளும் வெறும் காத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறம் எண்டெல்லே நினைச்சனான். சனம் கேக்குதப்பா. விடிய ஐஞ்சரைக்கே எழும்பிக் கேக்குது!"

அவர் சிரித்தார். நான்கு வருஷத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்க்கவில்லை. அவள் கேக்கை வெட்டக் கத்தி எடுக்கப் போனாள். பிறகுதான் அவர் மிச்சத்தையும் சொன்னார். புதிய முதலாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பார்களாம். தொகை விழுந்தால் கலையகம் மூடப்படுமாம்.

"அது விழாது. சனம் ஒருக்காப் பழகினால் விடாது," என்றார்.

கணக்கெடுப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மிஸிஸ் ஹார்ட்லியும் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். இருபது வீட்டில் இருபதும் திரும்பி வந்தது அவளுக்கு மட்டும்தானாம்; விலாசங்களை யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. பரிசாக இந்தத் தடவை நாற்பது வீடுகளைக் கொடுத்தாள். போன தடவை எழுதிய வீடுகளை ஒரு வருஷத்துக்குத் தொடக்கூடாது என்றும் சொன்னாள்.

ராஜகுமாரி அன்ரியும் இல்லை, தெரிந்த வேறு தமிழ் வீடுகளும் மிச்சமில்லை. நாகேஸ்வரி இந்தத் தடவை நேர்மையாக நடந்தாள், வேறு வழியில்லாததால். மறுத்த வீட்டுக்கு அடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு என்று கால் வீங்க நடந்து நாற்பதையும் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்தாள். பென்சிலால் சுத்தமாகக் குறிக்கப்பட்ட உண்மையான கொப்பிகள். அரியரத்தினத்தின் நிலையம் மூன்றே மூன்று வீடுகளில் இருந்தது. அதிலும் ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், குதிரைப் பந்தய முடிவுக்காகக் கால் மணி நேரம் கேட்டிருந்தார். இன்னொரு பெண்மணி ஓரத்தில், அந்த நிலையம் இன்னும் நடக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தாள்.

அடுத்த நாள் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுக்கு இனித் தனியே தாங்கும் சக்தி இல்லை. முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். விண்ணப்பத்தில் எழுதியது, ஏழு வீடு, அன்ரியின் ஐந்தரை மணி, ஒன்றையும் மறைக்கவில்லை.

கடைக்காரன் ஐந்து சதம் கூடக் கொடுத்தாலும் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். உள்ளபடி சொன்னால், ஏச வேண்டுமென்று ஆசைப்பட்டாள். 'என்ன வேலை பாத்தனீர்' என்று கத்தி, நாளைக்கே போய் உண்மையைச் சொல்லும் என்று அவர் சொல்லிவிட்டால், அவள் தப்பிவிடுவாள். வேலை போகட்டும், திருகாணி வரட்டும், எப்படியாவது இதிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அரியரத்தினம் ஏசவில்லை. கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நாற்பது வீட்டையும் வாசித்தார். வெறும் காற்றுக்கு அனுப்பியது உண்மைதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"அப்ப ஒருதரும் கேக்கேல்லை," என்றார் கடைசியில்.

"இல்லையப்பா."

"அடுத்தது எப்ப எடுப்பினம்?"

"மூண்டு மாதத்தில."

அவர் கதிரையை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டு, முதலாவது கொப்பியை விரித்து வைத்தார்.

"அழிறப்பர் இருக்கே?" என்று கேட்டார்.